மறைத்துச் சொல்லலாம்; மறைத்துவிடலாகாது

2012ஆம் ஆண்டில் ஒருநாள், பதினோராந் தர மாணாக்கர்க்குத் தகுதி வழக்கினைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றையுங் கரும்பலகையில் எழுதினேன். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. மலங்கழுவி வந்தேன் என்னாது கால் கழுவி வந்தேன் என்பது இடக்கரடக்கல் என்று, என் ஆசிரியர் எனக்குச் சொன்ன உதாரணங்களையே நானுஞ் சொன்னேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், கடற்றொழிலாளியின் மகன், எழுந்து நின்றான். "சேர், டொக்டர் கேட்டா எந்தச் சொல்லச் சொல்றது?" என்று வினவினான்.

வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்தேன், விடை சொன்னேனில்லை. மணி அடித்தது, புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவ்வேளையில் என் உடம்பினுள்ளே சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் இட்டுக் கட்டிய நூலொன்று இருந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லாது மூன்றாண்டு காலம் நான் இருந்தமையின் விளைவு அந்த நூல். அம்மாணவனுக்கு அன்று கொடாத விடையை இன்று இக்கட்டுரையிலே கொடுக்க முயல்கின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் பவுத்திரம் என்னும் நோய். சிறப்பாக, குடலழற்சியினால் விளையும் பவுத்திரம். இலக்கியப் பக்கத்துக்கு இஃது ஏற்ற பொருளோ என்று முகஞ் சுளிப்பார் இருக்கலாம். அன்னார் சற்றே பொறுத்துப் படிப்பாராக. இது வைத்தியரின் பொருள் மட்டுமன்று. சொல்லைப் பற்றிய பொருளுமாம். சொல்லைப் பற்றிப் பேசுதல் பண்டிதன் கடமையன்றோ?

முதலில் நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். மலவாயின் உட்புறத்தே சிறு சுரப்பிகள் சில உள. அவற்றுளொன்று அடைபட்டுச் சீழ்கொண்டால், அச்சீழ் வெளியேற வழி தேடித் தசையினூடே துளைத்துச் சென்று புறத்தோலில் ஒரு கண்ணைத் திறக்கும். கட்டி உடைந்ததும் நோவு தணியும். நோயாளி, 'ஆறிற்று' என்று மகிழ்வான். உள்ளே ஒரு வாயும் புறத்தே ஒரு வாயுமாக, நடுவே ஒரு சுரங்கம் நிலைத்துவிட்டதை அவன் அறியான். சில நாள் சென்றபின் புறவாய் மூடும், உள்ளே மீண்டுஞ் சீழ் கட்டும், காய்ச்சல் வரும், மீண்டும் உடையும். இச்சுரங்கமே பவுத்திரம். வடநூலார் இதனைப் பகந்தரம் என்பர். புரையோடிய புண் என்று நம்மூர்ப் பெரியோர் சொல்வதும் இதனைப் போன்றவற்றையே. புரை என்னுஞ் சொல் உள்துளையையுங் குறிக்கும், குற்றத்தையுங் குறிக்கும். நோயாளியின் உள்ளத்திலும் இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. உடம்பில் துளை விழுந்தவன் தன்னிடத்தே ஏதோ குற்றம் விழுந்ததாக எண்ணி நாணுகிறான்.

பெரும்பாலார்க்கு இந்நோய் அவ்விடத்தளவில் நிற்பது; தக்க சத்திரசிகிச்சையால் தீர்வது. ஆயின் சிலர்க்கு அதன் வேர் மேலே குடலில் இருக்கும். 1932ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வைத்தியர்களாகிய குரோன், கின்ஸ்பெர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூவர் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும் ஓரழற்சியை விவரித்து எழுதினர். குரோன் நோய் என்று இன்று உலகம் வழங்குவது அதனையே. வாய் முதல் மலவாய் ஈறாக எவ்விடத்தும் அது தோன்றலாம். குடற்சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவி எரிக்கும். எரித்த இடத்தில் துளையிடும். குரோனும் பென்னர் என்பாரும் 1938இல் எழுதிய கட்டுரையில், மலவாயருகே தோன்றும் புரைகள் இந்நோயின் விளைவாதலுங் கூடும் என்று காட்டினர். குரோன் நோயுடையாருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு இத்துன்பம் நேர்கிறது. சிலர்க்குக் குடலின் குறி தெரியுமுன்னரே புரை தோன்றிவிடுவதும் உண்டு. நோயை ஆராய்ந்து, பின் அதன் முதலை ஆராய வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த முறை இந்நோய்க்குப் பொருந்துவது போல் வேறெந்நோய்க்கும் பொருந்துமோ அறியேன். புண்ணை மட்டும் பார்த்தவர் நோயைப் பார்த்தவராகார்.

இனி என் கதை. 2008ஆம் ஆண்டில் எனக்கு முதற் கட்டி தோன்றிற்று. அக்காலத்திற் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குச் செல்வோர் பாதையிலேறித் துறையைக் கடக்க வேண்டும். பாதை என்று நாம் சொல்வது, மனிதரையும் வண்டியையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் படகுத் தெப்பத்தை. அதில் எல்லாரும் நின்றே போவர். ஆதலின் நான் நிற்பது ஒருவருக்கும் புதுமையாகப் படவில்லை. 2009இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. பேருந்தில் இருக்கை கிடைத்தது. அப்பொழுதும் நான் நின்றேன். என் இருக்கையை முதியவர்க்கும் பெண்களுக்குங் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டு, "பண்டிதருக்கு எவ்வளவு நல்ல மனம்" என்று ஊரார் மெச்சினர். அப்புகழையும் நான் மறுத்தேனல்லேன். வகுப்பிலே நாற்காலியை ஒதுக்கி நின்றுகொண்டே கற்பித்தேன். அதனையும் ஊக்கம் என்றனர்.

இக்காலத்தே என் உடல் மெலிந்தது. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை வயிறு போயிற்று. மாலையில் இலேசான காய்ச்சல் வந்தது. நானோ ஒவ்வொன்றையும் ஒவ்வோரிடத்திற் சொன்னேன். வயிற்றுப்போக்கை ஒரு வைத்தியரிடத்தும், மெலிவை மற்றொரு வைத்தியரிடத்தும் சொன்னேன். இருக்கமுடியாத நோவை மட்டும் வைத்தியரிடஞ் சொல்ல நாணி, ஒரு மருந்துக்கடையிற் போய் 'மூலம்' என்றேன். மூலம் என்பது ஓரளவு மதிப்புள்ள நோய். சபையிலும் அதன் பெயர் வழங்கும். கடைக்காரர் களிம்பு தந்தார். மூலம் என்ற சொல்லுக்கு வேர் என்றும் பொருளுண்டு. மூலம் என்று சொன்னேன், மூலத்தைச் சொன்னேனில்லை. மூன்று பகுதிகளாக நான் பிரித்து வைத்த கதையை எந்த வைத்தியரால் ஒன்றாக்கிப் படிக்க இயலும்? அவர்களைக் குறை கூறேன். சீரையுந் தளையையும் தனித்தனியே கொடுத்துவிட்டுச் செய்யுளின் பொருளைச் சொல் என்றால், கற்றவனுந் திகைப்பான்.

அறைக்கதவைத் தாழிட்டு நான் துவைத்த துணியை ஒருநாள் என் மனைவி கண்டுவிட்டாள். நான் ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டாள்: "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இலக்கணம் படிப்பிக்கிறீங்க. ஒங்கட நோவச் சொல்ல ஒரு சொல்லு இல்லயா?" மறுநாட் காலையில் அவளே என்னை அழைத்துச் சென்றாள்.

இளவயது வைத்தியரொருவர் முன்னிலையில் அமர்ந்தேன். அமர்ந்தேன் என்பதும் இடக்கரடக்கலே, ஒருபுறமாய்ச் சாய்ந்து நின்றேன். 'என்ன செய்கிறது?' என்றார். 'உடம்பின் கீழ்ப்பாகத்தில் சிறிது உபத்திரவம்' என்றேன். அவர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார். அருகில் நின்ற மனைவி, ஒளிவுமறைவின்றி, ஊர்ப்பேச்சில் உள்ளபடி சொன்னாள். வைத்தியர் ஒரு கணமும் முகம் மாறவில்லை. எத்தனை நாளாக, எத்தனை கட்டி, வயிறு எப்படி, எடை எவ்வளவு குறைந்தது, வீட்டில் யாருக்கேனுங் காசநோய் உண்டா, புகைப்பதுண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். மூன்றாண்டாக நான் பிரித்து வைத்தவை அனைத்தும் பத்து நிமிடத்தில் ஒன்றாய்க் கூடின.

பின்னர் நிகழ்ந்தவற்றை வாசகர்க்குப் பயன்படுமளவிற் சொல்கிறேன். பெருங்குடலையுஞ் சிறுகுடலின் கடையையும் உட்காட்டியால் நோக்கித் துணுக்கெடுத்துச் சோதித்தார்கள். நம் நாடுகளிற் குடலைத் தாக்கும் காசநோயும் குரோன் நோயைப் போலவே தோன்றுமாதலின், அதுவன்று என்று தெளிந்த பின்னரே மேற்சென்றனர். காந்த அதிர்வுப் படமெடுத்துச் சுரங்கம் எவ்வழிச் செல்கிறது, எத்தனை கிளை, சுருக்குத் தசையை எங்கே கடக்கிறது என்று கண்டனர். எனக்கு இரண்டு புரைகள். இரண்டுக்கும் உள்வாய் ஒன்றே.

சத்திரசிகிச்சை வைத்தியர் வெட்டித் திறந்துவிடுவார் என்று எண்ணியிருந்தேன். அவரோ சீழை வடித்து, ஒவ்வொரு சுரங்கத்தினூடும் மெல்லிய நூலொன்றைச் செலுத்தி வெளியே தளர்வாக முடிச்சிட்டார். 'ஓட்டையை அடைக்க வந்த என்னிடம் ஓட்டையைத் திறந்து வைக்கிறீர்களே' என்றேன். அவர் சொன்ன விளக்கம் என் நினைவில் நின்றுவிட்டது. புறவாய் முந்தி மூடினால் உள்ளே சீழ் கட்டும். கட்டிய சீழ் புதிய கிளை தேடும். நூல் உள்ளவரை வாய் மூடாது. வடிய வேண்டியது வடியும். இதற்கிடையில் மருந்து குடலின் எரிவைத் தணிக்கும். எரிவு தணியாத இடத்தில் சுருக்குத் தசையை வெட்டினால் புண்ணும் ஆறாது. மலத்தை அடக்கும் வலியும் போய்விடக் கூடும். முதலில் வழி திறக்க வேண்டும். பின் வேரை ஆற்ற வேண்டும். அதன்பின் நூலை எடுப்பதா, வேறு செய்வதா என்று பார்க்க வேண்டும். வாய் மூடிய புரை சீழ் கட்டும் என்பதை அன்று என் உடம்பிலிருந்து கற்றேன். வாய் மூடிய மனிதனுக்கும் அதுவே நேரும் என்பதைக் கற்க இன்னுஞ் சில நாளாயிற்று.

மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். சீழுக்கு முதலில் கிருமிக்கொல்லி மருந்து தந்தனர். பின்னர் நோயெதிர்ப்பின் வேகத்தைக் குறைக்கும் அசதையோபிறின் குளிசை. அது போதாமையால் 2014இல் இன்ஃபிளிக்சிமாப் என்னும் மருந்தை நரம்பு வழியே ஏற்றத் தொடங்கினர்: முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன்பின் எட்டு வாரத்துக்கொருமுறை. உறங்கிக் கிடக்குங் காசநோயை அம்மருந்து எழுப்பிவிடுமாதலின், அதற்குமுன் மார்புப் படமுஞ் சோதனையுஞ் செய்தல் வேண்டும். 1999இல் வெளியான ஆய்வொன்றில் புரையுள்ள 94 நோயாளர்க்கு இதனைக் கொடுத்துப் பார்த்தனர். எடைக்கேற்ற குறைந்த அளவைப் பெற்றாருள் நூற்றுக்கு 55 பேர்க்குப் புரைகளனைத்தும் மூடின. வெற்று மருந்து பெற்றாருள் 13 பேர்க்கே மூடின. 2004இல் வெளியான தொடராய்வு, முதலிற் குணங்கண்டவருள் மருந்தைத் தொடர்ந்தோர்க்கு ஓராண்டின் முடிவிலும் நூற்றுக்கு 36 பேர்க்கு வடிதல் இல்லை என்றும், மருந்தை நிறுத்தியோருள் அது 19 பேரே என்றும் காட்டிற்று. இவ்வெண்களை நான் எழுதுவது வீண் நம்பிக்கை கொடுக்கவுமன்று, கெடுக்கவுமன்று. மருந்து உண்டு, அது எல்லார்க்கும் பலிப்பதன்று, பலித்தவர்க்கும் விடாது தொடர வேண்டியது. என் புரைகளுள் ஒன்று மூடிவிட்டது. மற்றொன்று ஆண்டில் ஓரிருமுறை வாய் திறக்கிறது. நான் நலமடைந்தவனல்லேன், நோயோடு வாழக் கற்றவன்.

நாட்டு வைத்தியத்தில் இதற்கு வழியில்லையோ என்று கேட்பார் உளர். உண்டு. சுசுருதர் பகந்தரத்தைத் தீர்த்தற்கரிய எட்டுப் பெருநோய்களுள் ஒன்றாக வைத்தார். அதனை ஐவகையாகவும் பிரித்தார். சல்லடைக் கண்போற் பல துளைகளுடையது அவற்றுளொன்று. கள்ளிப்பால், நாயுருவிக் காரம், மஞ்சள் இவற்றை ஏற்றிய காரநூலைச் சுரங்கத்திற் கட்டி, நாள்தோறும் சிறிது சிறிதாக அறுத்து ஆற்றும் முறையும் பழையது. காசி இந்து பல்கலைக்கழகத்திலே தேஷ்பாண்டே என்பார் 1960களில் அதனைப் புதுக்கி ஆராய்ந்தார். ஆறுதற்கு நாள் கூடினும், மீண்டும் வருதல் குறைவு என்று 1991இல் வெளியான இந்திய ஆய்வு கண்டது. ஆனால் இவையெல்லாம் அவ்விடத்தளவில் நிற்கும் பவுத்திரத்துக்கே பெரிதும் பொருந்துவன. குடலெரிவினால் வந்ததைக் குடலை நோக்காமல் அறுக்கப் புகுவது ஆபத்து. சித்த வைத்தியராயினும் ஆங்கில வைத்தியராயினும், கற்றவர் முதலிற் கேட்பது வயிற்றைப் பற்றியே. வயிற்றைப் பற்றிக் கேளாமலே, 'மூன்றே ஊசியில் வேரோடு எடுத்துவிடுகிறேன்' என்று விளம்பரஞ் செய்வாரிடம் போகாதிருப்பது நன்று.

இந்நோயை நாணத்துக்குரியதென்று உலகம் எப்பொழுதும் எண்ணியதில்லை. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்கு இதே பவுத்திரம் வந்தது. 1686 நவம்பரில் பெலிக்ஸ் என்னுஞ் சத்திர வைத்தியர், அதற்கெனவே ஒரு கருவியைச் செய்வித்து, ஏழைகள் பலரிடம் முன்னே பழகிப் பார்த்து, அரசரை அறுத்தார். அரசர் தேறினார், அவ்வேழைகள் என்னாயினர் என்பதைப் பெரிதாக எழுதுவாரில்லை. அரசர்க்கு வந்த நோயாதலால் அது தமக்கும் வாராதோ என அவையினர் ஏங்கினராம். ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் 1841இல் இதே சிகிச்சைக்கு உட்பட்டார். அறிவை மயக்கும் மருந்து அப்பொழுது வழக்கில் வரவில்லை. அவரை அறுத்தவர் பிரடெரிக் சமன். அவர் 1835இல் இலண்டனிலே ஏழு கட்டில்களோடு தொடங்கிய வைத்தியசாலையின் பெயரிலேயே, பவுத்திரத்தால் வருந்தும் ஏழைகளுக்கானது என்பது வெளிப்படையாக இருந்தது. வாயிற்பலகையில் நோயின் பெயரை எழுதினாரன்றி மறைத்தாரில்லை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேலைவைத்தியங் கற்பித்தார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. உடலின் ஒவ்வோருறுப்புக்கும் தமிழிற் பெயர் வேண்டும் என்று அவர் கருதினார், தமிழறிந்தாரைத் துணைக்கொண்டு சொற்களைத் தேடினார், இல்லாதவற்றைப் படைத்தார். அவ்வேலையில் எவ்வுறுப்பையும் நாணத்திற்குரியதென்று விலக்க இயலுமோ? பிறநாட்டிலிருந்து வந்தவர் நம் மொழியிற் சொல் தேடினார். நாமோ இருக்குஞ் சொல்லையும் சொல்ல அஞ்சுகிறோம்.

ஈண்டே இலக்கணத்துக்கு வருகிறேன். 'பண்டிதரே, இடக்கரை அடக்குக என்று கற்பித்தவரே நீர். இப்பொழுது வெளிப்படப் பேசுக என்கிறீரோ?' என்று கேட்கலாம். தொல்காப்பியர் அவையிற் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லும்படி விதித்தார். நன்னூலாரும் அதனைத் தகுதி வழக்காக வகுத்தார். இருவர் விதியிலும் இரண்டு வினைகள் உள: ஒன்று மறைத்தல், மற்றொன்று சொல்லல். மறைத்துவிடுக என்று எவ்விலக்கண ஆசிரியரும் விதித்தாரில்லை. இடக்கரடக்கல் ஒரு பேசும் முறை, பேசாதிருக்கும் முறையன்று. கால் கழுவி வந்தேன் என்றால் கேட்டவர்க்குப் பொருள் விளங்கும். விளங்குவதனாலேயே அது வழக்காயிற்று. உடம்பின் கீழ்ப்பாகத்தில் உபத்திரவம் என்று நான் சொன்னது வைத்தியர்க்கு விளங்கவில்லை. ஆதலின் அது வழக்குமன்று, வழுவேயாம். மேலும், விதி அவைக்குரியது. வைத்தியரின் அறை அவையன்று. வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் கூறி, அவற்றுள் நோயாளியையே முதற்கண் வைத்தார். நோயாளி வாய் திறவாதவழி ஏனைய மூன்றும் என்செய்யும்?

இந்நோய் எங்கள் ஊரில் இன்னுமொரு துன்பத்தைத் தருகிறது. பவுத்திரம் என்பதற்கும் பவித்திரம் என்பதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. எங்களுடையது ஐவேளைத் தொழுகையுடைய ஊர். வடிதல் உள்ளவன், 'என் ஆடை சுத்தமில்லை, என் வுழூ நிற்கவில்லை' என்று எண்ணிப் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்துகிறான். நானும் நிறுத்தினேன். ஜமாஅத்தில் என் இடம் வெறுமையாயிருப்பதைக் கண்டு, பண்டிதர்க்கு இலக்கணம் கூடியதால் ஈமான் குறைந்ததோ என்று ஒருவர் நகையாடினாராம். ஈற்றில் ஓர் ஆலிமிடம் தனியே சென்று கேட்டேன். தொடர் கசிவுள்ளவர்க்கு மார்க்கச் சட்டத்தில் வழியுண்டு என்றும், நேரம் வந்தபின் அவ்விடத்தைச் சுத்தஞ் செய்து, துணி கட்டி, ஒவ்வொரு கடமையான தொழுகைக்கும் வுழூச் செய்து தாமதியாது தொழலாம் என்றும் அவர் விளக்கினார். நோயாளிக்கு நோன்பிலுஞ் சலுகை உண்டு என்றார். பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிஞர்கள் இதனைப் பேசி, எழுதி, தீர்ப்புஞ் சொல்லி வைத்திருக்கின்றனர். அவர்கள் நாணவில்லை, நாங்களே நாணினோம். இத்தகையோர் தத்தம் ஆலிமிடங் கேட்டுத் தெளிவாராக, கேளாமல் ஒதுங்கியிராதிருப்பாராக.

பெண்களின் நிலை இதனினும் கொடியது. அவர்களுக்குப் புரை பிறப்புறுப்பின் பக்கமாகவும் திறக்கக் கூடும். ஆண் வைத்தியரிடஞ் சொல்ல நாணமும், கணவனிடஞ் சொன்னால் என்னாகுமோ என்ற அச்சமும், மணமாகாதவளாயின் செய்தி வெளியே போகுமோ என்ற திகிலும் அவர்களைக் கட்டிப்போடுகின்றன. தாய்மாரும் ஆசிரியைமாரும் இதனை உணர்தல் வேண்டும். பெண் வைத்தியரைக் காண விரும்புகிறேன் என்று சொல்வதும், உடன் ஒரு பெண் நிற்க வேண்டும் என்று கேட்பதும் குற்றமல்ல.

நோயோடு வாழ்வதற்குச் சில சிறு வழிகள் உள. மலங்கழித்தபின் தாளினால் துடையாது வெதுவெதுப்பான நீரால் கழுவி மெல்ல ஒற்றுவது; அகன்ற பாத்திரத்தில் இளஞ்சூட்டு நீர் ஊற்றி நாளில் ஓரிருமுறை அதிலிருப்பது; மெல்லிய பருத்தித் துணியை வேண்டும்போதெல்லாம் மாற்றுவது; நெடுநேரம் ஒரேயிடத்தில் இராமை. குரோன் நோயுடையவன் புகைத்தலை அறவே விடவேண்டும். புகை அந்நோயை வளர்க்கும். காய்ச்சலும் புதிய வீக்கமுங் கண்டால் ஒருநாளுந் தாழ்த்தாது வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கிண்ணியாவில் தள வைத்தியசாலை உண்டு. பாலத்தைக் கடந்தால் திருகோணமலைப் பொது வைத்தியசாலை உண்டு. பாதைக்குக் காத்து நின்ற காலம் போய்விட்டது. இன்று நம்மைத் தடுப்பது துறையன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். குரோன் நோய் இளைஞரையே மிகுதியும் பற்றுவது. மெலிந்து, வெளிறி, வகுப்பில் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கும் மாணவனைப் பரிகசியாதீர். ஏன் என்று சபையிற் கேளாதீர். தனியே அழைத்துக் கேளுங்கள். சுகாதார பாடத்தில் உறுப்புக்களின் பெயரை உள்ளபடி சொல்லிக் கொடுங்கள். சிரிப்பு எழும்; ஒரு பாடவேளையில் அடங்கும். தமிழ்ச் சங்கங்களும் இலக்கிய வட்டங்களும் வைத்தியர்களோடு கூடி, நோயாளி சொல்லத்தக்க, வைத்தியர்க்கு விளங்கத்தக்க சொற்களை ஒரு தாளில் அச்சிட்டு வெளிநோயாளர் பிரிவில் வைக்கட்டும். வாயாற் சொல்ல இயலாதவன் விரலாற் காட்டட்டும். காப்பியத்துக்கு உரையெழுதுவது போல் இதுவும் ஒரு தமிழ்த்தொண்டே.

இத்துணை அரிய நோய்க்கு இவ்வளவு ஆரவாரம் எதற்கு என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2010இல் வெளியான ஆய்வொன்று கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் இலட்சம் பேரில் 1.2 பேர்க்குக் குரோன் நோய் உண்டென்று கணித்தது. எண் சிறியதே. ஆயின் அது வைத்தியசாலைக் குறிப்புக்களில் எண்ணிய எண். வைத்தியரிடஞ் சென்று வாய் திறந்தவரின் எண். 2008இலிருந்து மூன்றாண்டு காலம் எவ்வெண்ணிலும் நான் அடங்கவில்லை. அப்படி அடங்காதிருப்பார் எத்தனை பேர், இதனைப் படிக்கும் வீடுகளில் எத்தனை பேர் நின்றுகொண்டே படிக்கின்றனர், யாரறிவார்?

அம்மாணவன் இன்று இளைஞனாகித் தந்தையோடு கடலுக்குப் போகிறான். சென்ற ஆண்டு ஒரிரவு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சேர், வாப்பாக்கு ஒரு கட்டி. இருக்கேலாம இருக்காரு. எங்க எண்டு சொல்ல வெக்கப்படுறாரு" என்றான். நான் அவனை உள்ளே அழைத்து, நான் நிற்கும் காரணத்தையும், பேருந்தில் நின்ற காரணத்தையும் மறையாது சொன்னேன். பின்பு ஒரு துண்டுத் தாளில், வைத்தியரிடஞ் சொல்ல வேண்டியவற்றை ஊர்வழக்கில் உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அவன் அதனைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். இம்முறை இருவருஞ் சிரிக்கவில்லை. மறுநாட் காலையில் தகப்பனைக் கூட்டிக்கொண்டு அவன் பாலத்தைக் கடந்து போனான். தாள் தகப்பனின் சட்டைப்பையில் இருந்ததாம்.